பின்னேர மணி

இத்தா எனும் துக்கக் காலம் முடிந்த அன்று பின்னேரம் தங்கை உம்மு அக்காவுக்கு ஒரு நிறச் சேலையோடு வந்தபோது, ஹம்ஸியா ரீச்சர் உயிரியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணவர் மௌத்தாகி அடக்கமான பின், நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சேலையோடு வீட்டுக்குள் கிடந்தவருக்குப் பள்ளிக்கூடம் அனுப்பிய அந்தத் தாள்கள்தாம் பேச்சுத்துணை.

"அதிரினலின் வந்ததும் ஈரலில் புதிய புரதம் உண்டாக வேண்டியதில்லை. இருக்கிற நொதியத்தில் ஒரு பொசுபேற்று ஒட்டினால் போதும், அது விழித்துக்கொள்ளும், இரத்தத்தில் குளுக்கோசு ஏறும்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்.

தெருவில் சைக்கிள் மணி அடித்தது. ரீச்சர் துள்ளியெழுந்து, அடுப்படிக்கு ஓடித் தேநீருக்குக் கேத்தலை வைத்தார்.

"ராத்தா, அது மர்சூக்" என்றாள் தங்கை.

கணவரின் சைக்கிளை இப்போது அவருடைய தம்பி மர்சூக்தான் ஓட்டுகிறார். அது ரீச்சருக்குத் தெரியாததா? நெஞ்சு படபடக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிள்ளை எழுதாமல் விட்டதைச் சிவப்பு மையால் எழுதினார்: "சைகை நின்றதும் வேறொரு நொதியம் பொசுபேற்றை அகற்றிவிடும். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்." ஒரு புள்ளியையும் குறைத்தார்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானா? அந்த மணியக் கழட்டச் சொல்லட்டா?" என்றாள் உம்மு.

"வேணாம் புள்ள, அடிக்கட்டும். அந்த ரெண்டு நிமிசம்தான் எனக்கு ஊட்டுக்கு ஆள் வாற நேரம்."