பெரகல வளைவில் சிந்திய தேத்தண்ணீர்

“மாப்பிள்ள, ஒங்கட கார் இப்படிக் கத்துதே, வயித்து வலியா?”

“கத்தினாலும் குலுங்காது மாமா. மடியில தேத்தண்ணிக் கோப்பைய வச்சுக்கிட்டு வாங்க. பதுளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு சொட்டுச் சிந்தினா என்ட பேர மாத்திக்கிறேன்.”

“நாப்பது வருஷம் மாட்டுக் கரத்தை ஓட்டினவன்கிட்டயா பந்தயம்? மகள், கோப்பைய நெறைச்சு ஊத்து!”

மூன்று வருஷத்துக்கு முந்திய பேச்சு. ஸித்தி ஸுபைதாவுக்கு அதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை. பெரகலயில் அவள் வாப்பா இப்றாஹீமின் வீட்டு முற்றம். பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. ஒரு பக்கம் வாப்பாவின் மாட்டுக் கரத்தை, மறுபக்கம் அவள் கணவன் றவூப் புதிதாக வாங்கிய வாடகைக் கார். மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் சீண்டிச் சிரித்த கடைசிக் காலை அதுதான்.

ஹப்புத்தளை ஏற்றத்தில் முதல் வளைவு திரும்புவதற்குள் கார் கடலில் தோணி போல ஆடத் தொடங்கியது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஒன்பது தரம் துள்ளியது. வாப்பாவின் பெருநாள் சட்டையெல்லாம் தேத்தண்ணீர். தலை கூரைக் கம்பியில் இடித்துப் புடைத்துவிட்டது.

“நிப்பாட்டுங்க! என்ட மாடுகளுக்கு இருக்கிற புத்தி இந்த இரும்புக்கு இல்ல” என்று இறங்கியவர் நடந்தே வீடு திரும்பினார். அன்றோடு மாமனார் பதுளையில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருவதில்லை. மருமகன் பெரகலக்குப் போவதில்லை. கணவன் வராமல் வாப்பா வீட்டுப் படியேறினால் ஊர் வேறு கதை கட்டுமே என்று ஸுபைதாவும் போகவில்லை. பெரகலக்குப் போவோமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். றவூபின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும்.

போன வெள்ளிக்கிழமை பெரகல கடைக்காரர் ஒருவர் சேதி சொல்லிவிட்டுப் போனார். வாப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மாடுகளை விற்றுவிட்டார். வாசல்வரைதான் நடையாம்.

இன்று காலை றவூப் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தான்.

“அந்த ஸ்பேனரத் தா புள்ள. பூனாகலை வீரய்யா கங்காணி குடும்பத்தோட வாறாராம். ஆறு பேர். அவர் ஒருத்தரே ரெண்டு மூட்டைக்குச் சமம். ஒரு சுத்து கூட இறுக்கணும்.”

“இறுக்கினா என்ன ஆகும்?”

யாராவது காரைப் பற்றிக் கேட்டால் போதும், றவூபுக்கு வாய் இனிக்கும். கத்திரிக்கோல் போல மடங்கி நின்ற இரண்டு இரும்புக் கைகளைத் தொட்டுக் காட்டினான். ஒன்று சக்கரத்து அச்சோடு, மற்றது காரின் உடம்போடு. இரண்டும் சேரும் இடத்தில் வட்டமான தோல்கள் அடுக்கியிருந்தன.

“ஸ்பிரிங்குக்குக் குதிக்கத்தான் தெரியும், நிக்கத் தெரியாது. இந்தத் தோல் உரசித்தான் அதை அடக்குது. நட்டை இறுக்கினா உரசல் கூடும், ஆட்டம் சட்டுனு அடங்கும். அதுக்காக ஒரேயடியா இறுக்கினா ஸ்பிரிங் மடங்காது, ரோட்டுக் கல்லெல்லாம் முதுகுல ஏறும். ஆளுக்குத் தக்க மாதிரி வைக்கணும்.”

எழுந்து காரை ஒரு தரம் அமுக்கிவிட்டான். ‘கீச்’ என்று கத்தி, ஒரே அசைவில் நின்றது.

“கொஞ்சம் எண்ணெய் விட்டா இந்தச் சத்தம் நிக்காதா?” என்றாள் ஸுபைதா.

றவூபின் முகம் மாறியது. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“எண்ணெய் பட்டா உரசல் எங்க? வழுக்கிக்கிட்டு ஆடும். அன்னைக்கு ஆடினது அதாலதான். நீ நோவாயேன்னு இத்தனை நாள் சொல்லல்ல. கழட்டிப் பாத்தேன், நாலு சக்கரத்துலயும் ஆமணக்கெண்ணெய். பந்தயத்துல ஜெயிக்க ஒங்கட வாப்பா பாத்த வேலை.”

ஸுபைதா நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

வாப்பாவின் கரத்தையில் தேயிலைப் பெட்டிகளின் மேல் படுத்துக்கொண்டே வளர்ந்தவள் அவள். அச்சு முனகினால் போதும், வாப்பா கீழே தொங்கும் ஆமணக்கெண்ணெய் மூங்கில் குழாயை எடுக்கச் சொல்வார். எண்ணெய் விடுவது அவள் வேலை. அன்று காலை பந்தயம் பேசிவிட்டு, கிளம்புமுன் ஆண்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவனின் காரை வாப்பா இனிக் கேலி செய்யக் கூடாது என்று அதே குழாயை எடுத்துக்கொண்டு நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தாள். கிளம்பும்போது கார் கத்தவேயில்லை. எவ்வளவு பெருமையாக ஏறி உட்கார்ந்தாள்!

“வாப்பா இல்லங்க” என்றாள். “நான்தான் ஊத்தினேன். நாலு சக்கரத்துக்கும். கத்துதேன்னு...”

றவூப் அவளையே பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். எண்ணெய்க் கறை படிந்த கையாலேயே நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“நீயா?”

“நான்தான்.”

“மூணு வருஷமா அந்த மனுஷன...” என்று தொடங்கியவன் முடிக்காமல் சக்கரத்தருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று ஸுபைதா குனிந்து பார்த்தாள். கண் கலங்கியும் இருந்தது. அவள் ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நாளைக்கு ரெண்டு பேருக்குத் தக்க மாதிரி தளத்துங்க. என்னப் பெரகலக்குக் கூட்டிட்டுப் போங்க. வரும்போது வாப்பாவ முன் சீட்டுல ஏத்திக்கிட்டு வருவோம். தேத்தண்ணிய நான் நெறைச்சு ஊத்திக் குடுக்கிறேன்.”