உப்புப் பனியில் இரண்டு ஷாஃப்ட்டுகள்

"துருப்பிடிக்காத எஃகுன்னுதானே பேரு? அப்புறம் ஏம்மா அதைப் போய் உலையில வாட்டுறீங்க?"

என் மகள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். அந்த எஃகுக்குத் தோல் மென்மை, உரசினால் தேய்ந்துவிடும், நைட்ரஜனை ஊட்டித் தோலைக் கெட்டியாக்குகிறோம் என்றேன். "சூடு ஜாஸ்தியாயிட்டா?" என்றாள். அந்தக் கேள்வியை வைத்துத்தான் எங்கள் பட்டறை சில நாள் இரண்டுபட்டுக் கிடந்தது.

நான் உலை பார்க்கிறவள். காற்றை உறிஞ்சிய உலைக்குள் மின்சாரம் பாய்ந்ததும், ஷாஃப்ட்டுகள் என்று நாங்கள் சொல்லும் சுழல்தண்டுகளைச் சுற்றி ஊதா ஒளி படரும். தண்ணீருக்கடியில் யாரோ விளக்கேற்றிவிட்டுப் போனது போலிருக்கும். கடவுளும் இப்படித்தான் சத்தமில்லாமல் வேலை செய்கிறார் என்று தோன்றும்.

கடல்நீர் இறைக்கும் பம்புகளுக்கான ஷாஃப்ட்டுகள் வந்திருந்தன. ஐந்நூற்றிருபது டிகிரியில் சீக்கிரம் முடிக்கச் சொன்னார் முதலாளி. சோதனை அறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க உப்போடு பழகுவதால் எங்களுக்கு அவர் உப்பண்ணன்.

"அவ்வளவு சூட்டுல, துருவைத் தடுக்கிற குரோமியத்தை நைட்ரஜன் தன்னோட இழுத்துக்கும் சார். காவல்காரனே கல்யாணம் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா வீட்டை யார் பாக்குறது? நானூறுல மெதுவா பண்ணுவோம்."

"மெதுவா, மெதுவா! ஆர்டர் போனதும் உக்காந்து மெதுவா அழுவோமா?" என்றார் முதலாளி. "ரெண்டு விதத்துலயும் ஒண்ணு பண்ணி உங்க பெட்டியில வைங்க. அஞ்சு நாள். நடுவுல சோதனை நின்னுச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது, ஐந்நூற்றிருபதுதான்."

எது துருப்பிடிக்கிறது என்று பார்க்கும் அந்தச் சோதனைப் பெட்டிக்குள் ஓயாமல் உப்புநீர் பனியாய்ப் பெய்யும். தொட்டியில் நீர் தீர்ந்தால் பனி நின்றுவிடும். தினமும் நிரப்ப வேண்டும்.

நான்காம் நாள் விடுமுறை. தானே வந்து நிரப்புவதாக உப்பண்ணன் சொல்லியிருந்தார். அன்று காலை, ஆஸ்பத்திரியில் இருந்த அவர் மனைவியைப் பற்றி விசாரிக்கப் போன் செய்தேன்.

"ஆபரேஷனை இன்னைக்கே வச்சுட்டாங்கம்மா. உள்ள கூட்டிட்டுப் போயாச்சு. அவ கண்ணாடி என் கையில இருக்கு. சும்மா அதையே துடைச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அண்ணி நல்லபடியா வந்துருவாங்கண்ணே."

பெட்டியை அவர் அடியோடு மறந்துபோயிருந்தார். நான் நினைவூட்டவில்லை.

போன வருடம் என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, தன் வேலை முடிந்த பிறகும் எட்டு மணி நேரம் என் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நான் எங்கம்மா உலையைப் பாத்துக்கிட்டேன்? அதுதான் என்னைக் குளிராம பாத்துக்கிச்சு" என்று நழுவிவிட்டார்.

பட்டறைச் சாவி ஒன்று என்னிடமும் உண்டு. பகல் வெயிலில் தெரு தூங்கிக்கொண்டிருந்தது. சோதனை அறையில் பெட்டியின் மூச்சு மட்டும் கேட்டது. தொட்டியில் விரற்கடை அளவு நீர். லிட்டருக்கு ஐம்பது கிராம் உப்பு நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மெல்ல ஊற்றினேன்.

மூடியைத் திறக்கவில்லை. ஈரம் வழிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பனிக்குள் ஒரு ஷாஃப்ட்டிலிருந்து பழுப்புக் கோடுகள் கண்ணீராய் இறங்கியிருந்தன. பக்கத்தில் இருந்தது, நானூறு டிகிரியில் வெந்தது, கறையே இல்லாமல் மேகத்துக்குள் நிலவைப் போலக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அண்ணிக்காக வேண்டிக்கொண்டேன்.

குறிப்பேட்டில் நீர் நிரப்பிய நேரத்தை எழுதினேன். நிரப்பியவர் பெயருக்கான கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.