தகரக் குழல் யார் கையில்

பாரத தேசத்தில் கால்பந்து முதன்முதலாக உருண்டது தூத்துக்குடிக் கடற்கரையில்தான். இது சரித்திரம். எழுதியவர் ரோச், எழுதிய இடம், 1967ஆம் வருஷத்துக் கோப்பை இறுதி ஆட்ட நோட்டீஸின் பின்பக்கம்.

சரித்திரத்தைப் பற்றி பாஸ்கலுக்குக் கவலையில்லை. அதன் கீழே இருந்த ஒரு வரிதான் அவன் தலையில் நெருப்பை அள்ளிக் கொட்டியது: 'உற்சாகப் பாடல்கள் அனைத்தும் செயலாளர் ரோச் இயற்றியவை.'

பாஸ்கல் துறைமுகத்தில் மூடை எண்ணும் டாலி கிளார்க். ஏழு வருஷமாக அலைவீரர் கால்பந்துக் கழகத்துக்குக் கோஷம் கட்டுகிறவன் அவன் ஒருத்தன்தான். அரையிறுதியில் ஊரே கத்தியதும் அவன் கட்டியதே:

கட்டுமரம் வருது பாரு, கம்பத்த விட்டு ஓடு;
கொட்டாவி விடுத கோலிக்குக் கோரைப் பாயப் போடு.

இதில் ரோச் செய்தது ஒரே காரியம். கௌரவமாக இருக்கட்டும் என்று கோல்கீப்பரின் கோரைப் பாயைப் பட்டுப் பாய் ஆக்கினார்.

பாஸ்கல் நோட்டீஸைக் கசக்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்தான். ரோச் அங்கே நாலு பேருக்கு நடுவில் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இத நீங்களா எழுதுனிய?"

"கழகம் எழுதுச்சுடே. கழகம்னா செயலாளர்."

"அப்ப போன வருசம் அஞ்சு கோல் வாங்குனதும் செயலாளர்தானா?"

ரோச் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்கு கோசத்த நான் நடத்துதேன். நீ பின்னால நின்னு கத்து, போதும்."

கழகத்தின் பின்வரிசை ஆட்டக்காரன் மரியான் இடையில் வந்தான். கோஷம் சொல்லும் தகரக் குழலை மண்ணெண்ணெய் டின்னிலிருந்து வெட்டி ஒட்டியவன் அவன். குழலும் அவனிடம்தான் இருந்தது.

"குழல் ஒண்ணுதான் இருக்கு. கழகத்தப் பத்தி யாருக்குத் தெரியுதோ அவுகளுக்குத் தாரேன். நம்ம மொத ஆட்டம் யாரோட?"

ரோச் கண்ணை மூடினார். "பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாலுமிகளோட. கேப்டனே இறங்கி வந்து கை குலுக்குனாரு."

"உப்பு ஏத்த வந்த கப்பல்ல சமையக்காரங்களோட" என்றான் பாஸ்கல். "பதினோரு பேரு தேறலன்னு நம்ம ஆள் ரெண்டு பேர அங்கன குடுத்தோம். நமக்கு விழுந்த ரெண்டு கோலும் அந்த நம்ம ஆளுவ போட்டது."

"அதுல ஒருத்தர் எங்கப்பா" என்றான் மரியான். குழல் பாஸ்கல் கைக்கு வந்தது.

ஆத்திரம் மட்டும் இறங்கவில்லை. இனி ஒரு சொல்லைக்கூட ரோச் மாற்ற முடியாதபடி ஒரு கோஷம் வேண்டும். கப்பலடியில் மூடைகளை எண்ணும்போது அது வந்தது. மாதா கோயில் திருவிழா நாட்கள். தினமும் சாயங்காலம் ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்ல, ஊர் முழுக்க 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று ஒரே வரியில் பதில் சொல்கிறது. அதே ராகத்தில், எதிர்த்து ஆட வரும் ஏரல் அணியின் கோலி வெள்ளத்துரைக்குப் பட்டம் சொன்னால்? பதில்: 'ஏரலுக்கே போயிரும்.' ராகத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை; பதிலை மட்டும் சொல்லிவைத்தால் போதும். அந்த மிதப்பில் இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது; அதையும் ரோச் கணக்கிலேயே எழுதினான்.

மறுநாள் இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு அலைவீரருக்குப் பெனால்டி கிடைத்தது. பாஸ்கல் தார் டிரம் மேல் ஏறினான். கீழே ரோச் கைகட்டி நின்றார்.

"கிழிஞ்ச வலையே..."

"ஏரலுக்கே போயிரும்."

"காத்துப்போன பந்தே..."

"ஏரலுக்கே போயிரும்."

மைதானம் அதிர்ந்தது. வெள்ளத்துரை கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். பாஸ்கலுக்கு உச்சி குளிர்ந்தது. ரோச்சைக் குனிந்து பார்த்துக்கொண்டே, கோயிலில் இழுப்பதைவிட நீளமாக இழுத்தான்.

"மணல்ல நட்ட கம்பமே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது ஐந்நூறு பேர் கூட்டம்.

சிலர் பக்தியோடு தலைத்துண்டையும் எடுத்துவிட்டார்கள். ஏரல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளத்துரை இரண்டு கையையும் உயர்த்திக் கூட்டத்தை ஆசீர்வதித்தான். பெனால்டி அடிக்க வந்த மரியான் சிரிப்பை அடக்க முடியாமல் உதைத்த பந்து, ஆசீர்வதித்த கைகளிலேயே போய் உட்கார்ந்தது. கடைசி ஐந்து நிமிஷத்தில் ஏரல் ஒரு கோல் போட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியது.

பாஸ்கல் கூட்டத்தை வழிமறித்தான். முகம் கறுத்திருந்தது.

"எவம்ல மொதல்ல சொன்னது? ஒரு வாய் தொடங்காம ஐந்நூறு வாய் தொறக்காது. இந்தாளு சொல்லிக்குடுத்து எவனோ கெடுத்திருக்கான்."

"நான் வாயே தொறக்கலடே" என்றார் ரோச்.

"அப்ப யாரு? சொல்லுங்கல."

எல்லாரும் குழலைப் பார்த்தார்கள். மரியான் கிட்டே வந்து குழலை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான்.

முதலில் சொன்னது அதற்குள்ளிருந்து வந்த பாஸ்கலின் குரல்தான்.