வேலாயி வாயைத் திறக்கவில்லை

தேயிலைத் தோட்டத்து லயத்தில், நாகலெட்சுமிக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயிக்கு அறுபத்தெட்டு வயது. வயசாகித் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிய பிறகு ஏழு வருஷம் முட்டி வலி, பிரஷர், மயக்கம் என்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தவள். அவள் இந்தத் தை மாதத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் எண்ணெய் வைத்துத் தலை சீவி, நல்ல சேலை கட்டி, ஏழு மணி நோர்வூட் பஸ்ஸுக்கு விறுவிறுவென்று இறங்கிப் போனால் நாகலெட்சுமிக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

விசாரித்ததில், போகும் இடம் ஆஸ்பத்திரி. கிளினிக்கில் டொக்டர் மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. நம் ஆட்களுக்குச் சிங்களம் தகராறு. பொல்பிட்டியப் பக்கம் சிங்களச் சனத்தோடு வளர்ந்த வேலாயி நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுக்கிறாளாம். சம்பளம் இல்லை. பஸ் காசுகூட இல்லை.

"நம்புற மாதிரியா இருக்கு?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மீனம்மாவிடம் கேட்டாள் நாகலெட்சுமி. "முட்டி வலி எங்க போச்சு? படியில ஆட்டுக்குட்டி மாதிரி இறங்குது. டொக்டர் தனியா ஏதோ மருந்து குடுக்குறாங்க போல."

"எலக்சனுக்கு நிக்கப் போகுதோ என்னமோ," என்றாள் மீனம்மா.

அந்தச் சந்தேகம் சாயங்காலத்துக்குள் மூன்று லயங்களையும் சுற்றி வந்தது. யார் சுற்ற விட்டது என்று கேட்கக் கூடாது.

ஆனால் நாகலெட்சுமியை உறுத்தியது வேறு. தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்பது இப்போது வேலாயிக்கு அத்துப்படி. தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. மீனம்மா எதற்கு மூன்று தடவை கிளினிக் போனாள் என்று நயமாகக் கேட்டும் பார்த்தாயிற்று. "மழை வரும் போலருக்கே," என்றாள் வேலாயி. இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷியால் தூங்க முடியுமா? நாகலெட்சுமியால் முடியாது. பயமே அதனால்தான்.

நாகலெட்சுமியின் இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு இரண்டு மாதம் ஆகிறது. வலி இல்லை, கரையவும் இல்லை. டொக்டரிடம் சொல்வதென்றால் வேலாயி வழியாகத்தான் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி ஊரெல்லாம் பேசிவிட்டு, இதை அவள் வாயிலேயே கொடுப்பதா?

கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நம்பர் எடுத்து உள்ளே போய், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிருதுக்கா," என்று வடிகட்டிய பொய்யைச் சொன்னாள். வேலாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிங்களத்தில் நீளமாக என்னவோ சொன்னாள். டொக்டர் மிஸ் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார்.

இத்துனூண்டு விஷயத்துக்கு அவ்வளவு பேச்சா? சிரிப்பு வேறா? சந்தேகம் இரட்டிப்பானது.

அன்றிலிருந்து பீலிக்கரையில், பஸ்ஸில், இம்தியாஸ் கடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பொய் எப்போது திரும்பி வரும்? பொறுக்காமல், பாயையும் கம்பளியையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வெயிலில் விரித்துப் போட்டாள்.

"மூட்டப்பூச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மீனம்மா.

நாகலெட்சுமிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுவாரம் வியாழக்கிழமை மறுபடியும் கிளினிக்குக்குப் போனாள். வேலாயி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"என்னா நாகு, மாத்திரை தீந்துருச்சா?"

"அத யாருகிட்டயும் சொல்லலையாக்கா?"

"பொய்யப் போயி யாருகிட்ட சொல்றது?"

"அப்ப... டொக்டர்கிட்ட அம்புட்டு நேரம் என்னா சொன்னீங்க?"

"நீ சொன்னத அப்படியே சொன்னேன். அதுக்கு மேல, இந்தப் புள்ளைக்கு வேற என்னமோ இருக்கு, சொல்லப் பயப்படுது, திரும்பி வரும், இப்ப சத்து மாத்திரை குடுங்கன்னேன். மொதல்ல நான் முட்டி வலின்னு மருந்துக்கு வந்தப்பயும் அந்த மாத்திரையத்தான் குடுத்தாங்க. அதான் சிரிப்பு."

"ஒங்களுக்கு அதுலதான் முட்டி வலி போச்சா?"

"எங்க போச்சு? இப்பயும் வலிக்கத்தான் செய்யுது. காம்பராவுல கெடந்தா எனக்கும் அந்த வலிக்குந்தான் நாள் பூரா பேச்சு. இங்க நாலு பேரு என்னையத் தேடுறாங்க. வலிய நெனைக்க நேரமில்ல."

நாகலெட்சுமி இதை முழுசாக நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. எலக்சன் சந்தேகம் ஓர் ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளேயிருந்து அவள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் போனதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், மீனம்மா கீனம்மா நிற்கிறாளா என்று. பிறகு வேலாயியின் கையைப் பிடித்து இழுத்து, சட்டைக்கு மேலேயே வைத்தாள்.

"இங்கக்கா. ரெண்டு மாசமா."

வேலாயியின் விரல்கள் அசையாமல் நின்றன. பிறகு டொக்டர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பேசினாள். ஒரே ஒரு வாக்கியம். டொக்டர் மிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.