ஒரு பக்கத்துப் பூட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு மின்நிலையத்தில் பெயரே 'பூட்டு'தான். லைனில் ஏறுவதற்கு முன்னால் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போடுவார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் இறங்கி வந்து திறக்காமல் எந்தக் கொம்பன் வந்தாலும் அந்த லைனுக்குக் கரண்ட் விட முடியாது.

அப்போதெல்லாம் அந்த லைன் எல்லையோடு முடிந்துவிடும், முட்டுச்சந்து மாதிரி. எங்கள் பக்கம் அணைத்தால் கம்பி செத்த கம்பி. போன மாதம்தான் அதைப் பக்கத்து நாட்டு லைனோடு சேர்த்தார்கள். அங்கே காற்றாலை சுற்றினால் இங்கே விளக்கு எரியும். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? எல்லையில் கடைசிக் கம்பியை இழுத்துக் கட்டியதே மாமாதான்.

அன்றைக்கு ஒரு டவரில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டுவிட்டது. நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். டவரடியிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"பூட்டியாச்சு மாப்ளே. ஏறட்டுமா?"

"இருங்க மாமா! அந்தப் பக்கமும் நிறுத்தணும்ல? நான் கூப்பிடுற வரைக்கும் ஏறாதீங்க."

"சரிடா. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே ஏறினவன் நான், எனக்கே பாடமா?" என்று சிரித்தார்.

அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டேன்.

"காத்தாலை இந்த லைன்லதாங்க இருக்கு. இப்ப செம காத்து. மேல கேட்டுட்டு நிறுத்துறேன்."

"கேட்டுத் தொலைங்க. ஆள் டவர்கிட்ட நிக்கிறாரு."

போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தேன். திடீரென்று அவன் குரல் மாறியது.

"ஐயோ, எங்க பக்கம் லைன் தானா ட்ரிப் ஆகி நின்னுடுச்சுங்க. நாங்க இன்னும் கை வைக்கவே இல்லையே!"

மாமாவின் போனுக்கு அடித்தேன். அவரோடு போயிருந்த ஜீப் டிரைவர் எடுத்து ஓவென்று அழுதான்.

ஏன் ஏறினீர்கள் மாமா? இரண்டு பக்கமும் கரண்ட் உண்டு என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பையைத் தட்டியதும் கை அது பாட்டுக்குக் கம்பியைத் தேடிப் போயிருக்கும். பாவி மனுஷன், சொல்லச் சொல்லக் கேட்காமல் என் அக்காவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் சட்டையையும் சாவியையும் கொடுத்தார்கள். அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாவி அவர்கிட்டதானேடா இருக்கு? அப்புறம் எவன்டா கரண்ட் விட்டான்?"



மறுநாள் அடக்கம் முடித்து வீட்டுக்கு வந்ததும் என் அதிகாரி கூப்பிட்டார். வேறு ஆட்கள் பீங்கானை மாற்றிவிட்டார்களாம். சாவி வேண்டுமாம், அந்தப் பக்கம் காற்று வீணாகிறதாம். அக்காவிடம் சொன்னேன். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பூட்டினவர்தானே திறக்கணும்? வந்து திறக்கட்டும்."

பூட்டை ரம்பத்தால் அறுத்தார்கள். இருட்டியதும் அக்கா வீட்டில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவளே எழுந்து போய் அதை அணைத்தாள்.