ஒரு தோட்டா குறைவு

பந்தல்குடிக்குத் தெற்கே நாலு ஏக்கர் மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டு தங்கலட்சுமி ஒன்றேகால் வருஷமாக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது பெரிய விஷயமொன்றும் இல்லை. செத்துப்போன அப்பா பால்ச்சாமியின் பேரில் இருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியின் லைசென்ஸைத் தன் பேருக்குத் தர வேண்டும், அவ்வளவுதான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் கதிர் மண்ணோடு மண்ணாகிவிடும். தகரம் தட்டிப் பார்த்தாள். வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டிப் பார்த்தாள். நாய் குரைக்கிற சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டும் பார்த்தாள். பன்றிகள் நாலு நாள் யோசித்துவிட்டு ஐந்தாம் நாள் வந்தன. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் மட்டும்தான் பத்து நாளைக்கு எட்டிப் பார்ப்பதில்லை.

துப்பாக்கி இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. லைசென்ஸ்காரர் செத்தால் அங்கேதான் ஒப்படைக்க வேண்டும். கருமாதி முடிந்த மறுநாளே தோட்டாக்களோடு கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கியவளும் தங்கலட்சுமிதான்.

பிறகு ஆரம்பித்தது காகிதப் படலம். வாரிசுச் சான்றிதழுக்கு மூன்று மாதம். அதை வாங்கிக்கொண்டு போனால், பட்டா இன்னும் அப்பா பேரில் இருக்கிறதே என்றார்கள். பட்டாவை மாற்றிக்கொண்டு போனால், பயிர்க் கணக்குக் காட்டும் அடங்கல் போன வருஷத்தது என்றார்கள். புது அடங்கல் கைக்கு வந்தபோது மருத்துவச் சான்றுக்கு நாள் கடந்துபோயிருந்தது. மறுபடியும் கண்ணைக் காட்டி, காதைக் காட்டி, மனசு நேராக இருக்கிறது என்று எழுதி வாங்கினாள். "இத்தன அலைச்சலுக்குப் பெறகும் நேராத்தான் இருக்குன்னா பெரிய விசயந்தாம்மா" என்று டாக்டரே சிரித்தார். நடுவில் தேர்தல் வேறு வந்தது. இரண்டு மாதம் துப்பாக்கி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்கள்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று ஒரு மேஜையில் கேட்டார்கள்.

"பன்னி ஆம்பள காடு, பொம்பள காடுன்னு பாத்தா சார் வருது?" என்றாள். அதற்கு அப்புறம் அந்த மேஜையில் ஃபைல் தங்கவில்லை.

இரண்டு விதைப்பு போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் போன பிறகு அந்த நாலு ஏக்கரைத்தான் அவள் உயிராகப் பிடித்திருந்தாள். மஞ்சப்பையில் பதினான்கு காகிதம் சேர்ந்தது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கேட்ட அன்றைக்கே கிடைத்தது. அது, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தம்பி ஜெயபாண்டி போட்டுக் கொடுத்த கையெழுத்து. அவனுக்கு அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை. "எனக்கு எதுக்குக்கா அது, பெயிண்டு டப்பாவத் தூக்கவே முடியல" என்றான்.

கடைசியாக மிச்சம் இருந்தது போலீஸ் விசாரணை. இன்ஸ்பெக்டர் அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் ஸ்டேஷன் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கடைசியா பத்துத் தோட்டா வாங்கியிருக்காரு. இங்க ஒப்படைச்சது ஒம்போது. ஒண்ணு எங்கம்மா?"



அந்தத் தோட்டா எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். துப்பாக்கி வைத்திருந்தவர் செத்தால், பாடையைத் தூக்கும்போது மகன் ஒரு வெடி போட்டு அனுப்ப வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. லைசென்ஸும் அப்பாவோடு செத்துப்போனது, இனி அதை யார் தொட்டாலும் குற்றம் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஏட்டு நாகராஜ் ஊருக்குள் விசாரிக்கப் போனபோது வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். தங்கலட்சுமிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மகன் கணீர்னு ஒரு வெடி போட்டாரு பாருங்க, அப்படி ஒரு வழியனுப்பு இந்தப் பக்கத்துலயே கெடையாது" என்று பெருமையடித்து அனுப்பியிருந்தார்கள். அதுவும் ஃபைலில் ஏறியிருந்தது.

"நாளைக்குத் தம்பியக் கூட்டிட்டு வாங்க. சுட்டது யாருன்னு எழுத்துல வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று மாலையே பெயிண்ட் கடைக்குப் போய்விட்டாள். கேட்டதும் ஜெயபாண்டி ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"அப்பா படுக்கையில விழுகுறதுக்கு முன்னாடி பன்னிக்குச் சுட்டதுன்னு எழுதிருவோம்க்கா."

"செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவுக நோட்டுல தேதி போட்டு வச்சிருக்காக. போடாத வெடிய அவுக தலையில கட்டச் சொல்றியா?"

அவன் ஷட்டரை முழுசாக இறக்கினான். "அப்ப நான்தான்னு எழுதித் தாரேன். ஊரே அப்படித்தான சொல்லுது. கேசு வந்தா எம்மேல வரட்டும். ஒனக்கு லைசென்ஸ் வந்துரும்ல?"

வரும். அது இருவருக்கும் தெரியும். தம்பி மனசாரத்தான் சொன்னான்.

உண்மை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பாடையைத் தூக்கிய நேரத்தில் ஜெயபாண்டி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால் போனான். தோட்டாவை எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை. அவன் ஜென்மத்தில் அதைத் தொட்டதில்லை. அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து ஐந்து வருஷமாக, லைசென்ஸ் அவர் பேரிலும் துப்பாக்கி மகள் தோளிலும்தான் இருந்தது. அழுதுகொண்டே பின்னால் வந்த அக்கா அதை வாங்கினாள், சுட்டாள், தம்பி கையில் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதோடு வெளியே வந்தபோது ஊர் அவன் கையில் புகையைப் பார்த்தது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சுடுகாட்டுக்குப் பெண்கள் போக முடியாது. அப்பாவோடு அவள் அனுப்ப முடிந்தது அந்தச் சத்தம் ஒன்றைத்தான்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "லைசென்ஸ் இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். அந்த வெடி என்னுது. அத நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன்."

மறுநாள் ஸ்டேஷனில் அவளே கைப்பட எழுதினாள். இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்படி எழுதுனா மனு நிக்காதும்மா. கேசும் வரும். யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?"

"யோசிச்சுத்தான் சார்."

"நான் அன்னைக்கு நடுங்கிட்டுத்தான் நின்னேன் சார். அக்கா சொல்றது நெசம்" என்றான் ஜெயபாண்டி. சாட்சியாக அவனும் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும், "நல்லா வெடி போட்டேன்னு ஊர்ல எல்லாரும் வந்து கையக் குடுத்தாக. ஒண்ணேகால் வருசமா அந்தக் கை கூசிக்கிட்டே இருந்துச்சுக்கா" என்றான்.

கேஸ் பதிவாகி, வாய்தா வாய்தாவாகத் தன் பாட்டுக்கு நடந்தது. இரண்டாவது மாதம் பதிவுத் தபாலில் மனு நிராகரிக்கப்பட்ட உத்தரவு வந்தது. தங்கலட்சுமி காட்டு வரப்பில் நின்று படித்தாள். 'மனுதாரர் தம் தகப்பனாரின் இறுதி ஊர்வலம் புறப்பட்ட வேளையில், தாமே வானத்தை நோக்கி ஒரு முறை சுட்டதாக ஒப்புக்கொண்டுள்ளபடியால்' என்று இருந்தது. அந்த வரியை மறுபடியும் படித்தாள். மகள் போட்ட வெடி என்று ஊர் ஒரு நாளும் சொன்னதில்லை. அரசாங்கம் சொல்லிவிட்டது, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தாள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மத்தியான பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டையில் இறங்கினாள். ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்ணுக்கு இப்போது அவளையும் தெரியும், மஞ்சப்பையையும் தெரியும்.

"எத்தன காப்பிக்கா?"

"அப்பீலுக்கு மூணு" என்றாள் தங்கலட்சுமி. "வீட்டுக்கு ஒண்ணு."