புரட்டாசிப் புண்ணாக்கு

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைக்க வரிசையில் நின்றிருந்தான் செங்கோடன். முன்னால் நின்ற அவன் பெண்டாட்டி புவனா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அரைத்த மிளகாயை நீதிக்கல்லில் பூசி, மாட்டுக்கு வெடி வைத்தவன் குடி விளங்கக் கூடாது என்று அம்மனிடம் முறையிட வந்திருக்கிறாள். வைத்தவன் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன காட்டுப்பன்றிகளால் வந்த வினை. மக்காச்சோளத்தை மூன்று முறை புரட்டிப்போட்டுவிட்டன. மலையடிவாரத்தில் ஒருவன் அவுட்டுக்காய் கட்டித் தருவதாகச் சொன்னான். பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கும் நாட்டுவெடி.

"வெடிக்கு வேண்டிய சாமான் பாதி உங்க ஊட்டுலயே கெடக்குதுங்க" என்று சிரித்தான். கேட்டது இஸ்திரிப்பெட்டிக் கரியும் கிழிந்த நூல்சேலையும்தான். இதுவா உயிரை எடுக்கும் என்று செங்கோடனுக்கும் சிரிப்பு வந்தது.

"மேல கருவாட்டைத் தடவிப்போடுங்க. மாடு மோந்துகூடப் பாக்காது" என்றும் சொல்லி அனுப்பினான்.

அதுவோ புரட்டாசி மாதம். கருவாடு வாசல்படி தாண்டினால் புவனா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். நம்ம ஆள் பெரிய புத்திசாலியாயிற்றே, வெல்லத்தையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து பூசினான். விரதமும் கெடாது, பன்றியும் வரும்.

பன்றி வரவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு அவன் வீட்டுச் செவலைப் பசு வந்தது. ஏழு மாதச் சினை. தாடை பிய்ந்து தொங்க, ஐந்து நாள் ஒரு வாய் தண்ணீர் இறங்காமல் நின்றது. ஐயோ, அந்தக் கண்ணை எவன் பார்ப்பான்! ஆறாம் நாள் சாய்ந்தது. அதற்குப் பிறகும் வயிற்றில் கன்று கொஞ்ச நேரம் அசைந்தது.

புவனாவின் முறை வந்தது. உட்கார்ந்து, மிளகாயை வைத்துக் குழவியை இழுத்தாள்.

"அம்மணி, நிறுத்து." செங்கோடன் அவளருகில் குனிந்தான். "எவனையும் சபிக்காத. நாந்தான் வெச்சேன். பன்னிக்குத்தான், புண்ணாக்கப் பூசி வெச்சேன்."

குழவி நின்றது. பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று காத்திருந்தான். விட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"புண்ணாக்கு, செவலைக்கு வாங்கி வெச்சதுங்களா?"

"ஆமா."

அவள் மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். நைசாக அரைத்து, வழித்து, அவன் உள்ளங்கையை இழுத்து விரித்து அதில் வைத்தாள்.

"அம்மனுக்குன்னு அரைச்சதக் கீழ கொட்ட முடியாதுங்க. நீங்களே பூசிப்போட்டு வாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கறேன்."

எழுந்து போய்விட்டாள்.

செங்கோடன் நீதிக்கல்லுக்கு முன்னால் போய் நின்றான். கை எரிந்தது. மிளகாயைக் கல்லில் பூசி, அம்மனிடம் தன் பெயரையும் ஊரையும் சொன்னான்.